மீன்கள் மொய்த்த கால்

எங்கள் தெருவில் வேன் பிடித்துப் போவதென்றால் அது வேளாங்கண்ணிக்குத்தான். போன வருடம் மாதா கோயில் இளைஞர்கள் கூடிப் பேசி, இந்தத் தடவை காட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்குள் ஓடையோரமாகவே நடந்தால் கடைசியில் அருவி. வனத்துறையில் சீட்டு வாங்கினால் நம்மோடு ஒரு வழிகாட்டியை அனுப்புவார்கள்.

எனக்கு விருப்பமில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் எனக்கு வாய் வராது. காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை, அது எனக்குத் தோதாக இருக்கிறது. என் மனைவி அப்படியில்லை. விடிந்ததும் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் மாத்தூர் வரை போய், தெருத் தெருவாகக் கூவி விற்றுவிட்டு வருபவள்.

“நானு மலைய கிட்டக்கப் போயி பாத்ததே இல்ல. நீ வர்லன்னா வூட்ல கெட. நான் போறேன்” என்றாள். அதனால் நானும் பேர் கொடுத்தேன்.

அவளுக்குச் சர்க்கரை. பாதங்கள் இரண்டும் மரத்துப்போய்ச் சில வருடங்களாகின்றன. ஒரு முறை மார்க்கெட்டில் கெளுத்தி முள் உள்ளங்காலில் ஏறியது. வீட்டுக்கு வந்து நான் பார்த்துச் சொல்லும்வரை அவளுக்கு அது தெரியாது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் மெத்தென்று ஒரு கறுப்புச் செருப்பு கொடுத்து, அதைத் தவிர வேறெதையும் போடக்கூடாது என்றார்கள். ஆனால் காட்டுக்குள் ஷூ இல்லாமல் விடமாட்டார்கள் என்று மாதா கோயில் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எங்கள் பையனுடைய பழைய ஷூ பரணில் கிடந்தது. அவன் இப்போது கப்பலில் வேலை செய்கிறான். வேலைக்குப் போகுமுன் அந்த ஷூவோடுதான் கடற்கரை மணலில் பந்து விளையாடுவான். அதைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து காட்டினாள்.

“இன்னாமே, போலீசு மாதிரி கீற” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“ஆமா, ஒன்னத்தான் புட்ச்சிகினு போவ வந்துகீறேன்.”

வேனை விட்டு இறங்கியதும் பாதை சமமாக, செம்மண்ணாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் மரங்கள் நெருங்கின. பிறகு மண் போய்ப் பாறை வந்தது. பாறைகளில் வெள்ளைப் பெயிண்டால் அம்பு போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மலை சுவர்போல எழும்பி, மேலே வானம் ஒரு சந்தளவுக்குக் குறுகியது. எங்கள் பக்கத்தில் எங்கே நின்றாலும் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு ஒன்று கண்ணில் படும், அதை வைத்துத் திசை தெரிந்துகொள்வோம். இங்கே எனக்குக் கிழக்கு எதுவென்று தெரியவில்லை. ஈர இலை வாசனையும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும் கூடவே வந்தன.

நான் கடைசியாக நடந்தேன். எனக்கு முன்னால் அவள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்களைப் பிடித்து ஏறி, வழிகாட்டித் தம்பியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள். அவன் அந்த மலையடிவாரத்துப் பையன், தெலுங்கு கலந்து தமிழ் பேசுவான்.

“இன்னாப்பா, இங்க புலி கிலி கீதா?”

“லேது அக்கா. கரடி இருக்குது.”

“அப்போ என் வூட்டுக்காரர பின்னாடி வுடாத. வாய்விட்டுக் கூட கத்த மாட்டாரு அந்தாளு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அருவிக்குச் சற்று முன்னால் ஒரு குளம் போலத் தண்ணீர் தேங்கி நின்றது. அடியில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் தெரிந்தது. கால் வைத்தால் குட்டி மீன்கள் வந்து கொத்தும் என்று வழிகாட்டி சொன்னதும், பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் கூச்சம் தாங்காமல் நெளிந்தார்கள். அவளும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை விட்டாள். மீன்கள் அவளிடமும் வந்தன. அவள் நெளியவில்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா நாளா எம்மா மீன வெட்டிகீறேன். பழி வாங்குதுங்கோ பாரு.”

“அத்தே, ஒங்க கிட்டத்தான் நெறைய வருது” என்றாள் ஒரு பெண்.

“நம்ம கிராக்கிங்கோ. ஆள் தெரிஞ்சி வருதுங்கோ.”

அந்தப் பெண் சொன்னது சரிதான். மற்றவர்கள் காலில் மீன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேய்ந்தன. இவளுடைய இடது காலிலும் அப்படித்தான். வலது காலில் மட்டும், பெருவிரலுக்குக் கீழே ஒரே இடத்தில் கறுப்பாக மொய்த்தன. விலகி விலகித் திரும்ப அங்கேயே வந்து மொய்த்தன.

“கால எடு” என்றேன்.

“இன்னாத்துக்கு? அதுங்கோ பாட்டுக்குத் துன்னட்டும்.”

நான் தண்ணீரில் இறங்கி அவள் காலைத் தூக்கினேன். உள்ளங்காலில் தோல் கிழிந்து தொங்கியது. அதற்கடியில் குழியாகச் சதை தெரிந்தது. சதைக்குள் ஒரு சிப்பித் துண்டு குத்தி நின்றது. எங்கள் கடற்கரையில் கிடக்கிற சாதாரணச் சிப்பி. ஷூவுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வழி முழுக்க அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

வழிகாட்டி தன் பையிலிருந்து பஞ்சும் துணியும் எடுத்தான். சிப்பியை எடுத்துவிட்டுக் கட்டினான். போனை உயர்த்திப் பார்த்தான், சிக்னல் இல்லை. யாராவது வெளியே ஓடிப் போய் ஆள் கூட்டி வந்தால் தூளி கட்டித் தூக்கலாம், ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றான்.

“உசுரோட கீறப்பவே நாலு பேரு தூக்கணுமா? வலிக்கவே இல்லடா நைனா. நடந்தே வரேன்” என்றாள்.

வலிக்கவில்லை என்பதுதான் என் பயம். முதுகில் ஏறிக்கொள்ளச் சொன்னேன். ஐஸ் பாரம் தூக்கிய உடம்பு என்ற நம்பிக்கை. சில அடிதான் போயிருப்பேன், பாசிப் பாறையில் கால் வழுக்கி இருவரும் உட்கார்ந்துவிட்டோம்.

“யோவ், நானு ஐஸ் கட்டி இல்ல. போவப் போவக் கரைய மாட்டேன்” என்று சொல்லி எழுந்து நின்றாள்.

இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, வந்த வழியே நடந்தாள். இறங்குகிற வழியில் பாரம் முழுவதும் முன்னங்காலில்தான் விழும். ஷூ ஏறாததால், கட்டின் மேல் என் துண்டைச் சுற்றி ஒரு பிள்ளை பையில் வைத்திருந்த ரப்பர் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தோம். துண்டு ஓரத்தில் நனைந்து, பிறகு சிவந்து, பிறகு மண்ணோடு சேர்ந்து கறுத்தது. “தூக்கிகினு போயிடலாம்பா” என்று பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் அடி வைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கால் சுருங்கியது. அவளோ, “அது இன்னா பட்சிப்பா, நீலமா போவுது?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பி வாரங்கள் ஆகியும் காயம் மூடவில்லை. ஒன்றுவிட்டொரு நாள் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினார்கள். காலைத் தரையில் ஊன்றக்கூடாது, மீன் வியாபாரம் கூடவே கூடாது என்றார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் பார்க்கச் சொன்னார். ஓரம் கறுத்தால் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள், விரலையாவது எடுத்துக் காலைக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

அவளால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. வேலைக்குப் போகுமுன் வாசலில் அவள் காலை என் மடியில் வைத்து, போன் வெளிச்சத்தில் நான்தான் பார்ப்பேன். “எப்டி கீது?” என்பாள். “அப்டியே கீது” என்பேன். வேறு மருந்து எதுவும் என்னிடம் இல்லை.

ஒரு நாள் கட்டைப் பிரித்ததும், விரலடியில் புகை படிந்த மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

“எப்டி கீது?”

நான் வெளிச்சத்தை அணைக்காமல் அப்படியே பிடித்திருந்தேன்.

“நீ வாயத் தொறக்காம கீறதுலயே தெர்து” என்றாள். புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். “போயி ஆட்டோ இட்டா.”

முனைக்குப் போய் ஆட்டோ கூட்டி வந்தேன். ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “எங்கமே போற?” என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லை.