தங்கச்சி கேட்ட பதினேழு எழுத்து

போன மாதம் விராலிமலையில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் வைத்து என் தங்கை என் மானத்தை வாங்கிவிட்டாள். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அதே கதையை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லித் திரிகிறேன்.

உங்களிடம் சொல்லாமல் இருப்பேனா?

தங்கை அமுதா, அரிமளம் பக்கம் கிராம சுகாதார செவிலியர். ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து வருகிற வேலை. இத்தனை வருடம் ஸ்கூட்டரில்தான் சுற்றினாள். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். யாரை எதிர்பார்க்க முடியும்? நாற்பத்தைந்து வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் டெஸ்டிலேயே லைசென்ஸ் வாங்கினாள்.

“அண்ணே, பழைய கார் ஒண்ணு பாத்துக் குடுங்க” என்றாள்.

பழைய கார் என்றால் நமக்குத் தெரியாததா? இதுவரை நாலு வண்டி வாங்கியவன் நான். அக்கம்பக்கத்தில் யார் பழைய வண்டி வாங்கினாலும் ஒரு வார்த்தை என்னைக் கேட்பார்கள். மெக்கானிக் முருகேசனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வண்டி வைத்திருந்தவர் அந்தோணிசாமி. அந்த ஹார்டுவேர் கடைக்காரர். அறுபதைத் தாண்டிய, கறாரான மனிதர். வெள்ளை ஹேட்ச்பேக், மூன்றாவது ஓனர். பளபளவென்று வைத்திருந்தார். முருகேசன் பானெட்டைத் திறந்தார், அடியில் படுத்தார், ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து கட்டை விரலைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன். பேச்சை முடிக்க வேண்டியதுதான்...

“ஐயா, ஆர்.சி. புக்கைக் கொஞ்சம் காட்டுறீங்களா? சேசிஸ் நம்பர் வேணும்” என்றாள் அமுதா.

“எதுக்கும்மா? பேரு மாத்தும்போது பாத்துக்கலாம்ல?”

“இல்லைங்கய்யா, இப்பவே வேணும்.”

பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நம்பரை நான் வாசிக்க, அவள் போனில் கார் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து அடித்தாள். ஏற்கவில்லை. மறுபடி அடித்தாள். ஏற்கவில்லை.

“அண்ணே, ‘ஓ’ன்னு வாசிச்சீங்களே... அது சைபரா இருக்கும்.”

சைபர்தான். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தது யார் குற்றம்?

மூன்றாவது முறை பக்கம் திறந்தது. அவள் முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டினாள். அந்த வண்டிக்கு ஒரு ‘ரீகால்’ பாக்கி இருக்கிறது என்று போட்டிருந்தது. அதாவது, இந்த வண்டியில் ஒரு பாகத்தில் குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே கூப்பிட்டிருக்கிறது. எந்தப் பாகம்? டிரைவர் பக்கத்து ஏர்பேக்.

அந்தோணிசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“ஏம்மா, அஞ்சு வருசமா ஓட்டுறேன். ஒரு கீறல் கெடையாது. வண்டி வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. குறை சொல்லாதீங்க.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். “அமுதா, கம்பெனிக்காரன் ஆயிரம் போடுவான். முருகேசனே பாத்தாச்சுல்ல?”

அமுதா குரலை உயர்த்தவில்லை. ஊசி போட வந்த குழந்தையிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

“ஐயா, எங்க சப்-சென்டருக்கு மாத்திரை வரும். திடீர்னு ஒருநாள், இந்த பேட்ச் நம்பர் மாத்திரையைக் குடுக்காதீங்கன்னு சர்க்குலர் வரும். எடுத்துப் பாத்தா மாத்திரை நல்லாத்தான் இருக்கும். அன்னைக்குக் காலை வரைக்கும் அதைச் சாப்பிட்டவங்களும் நல்லாத்தான் இருப்பாங்க. ஆனாலும் எடுத்துத் தனியா வச்சிருவோம். கண்ணுக்குத் தெரியாததுனாலதானேய்யா சர்க்குலர் போடுறாங்க? மருந்துக்கு இருக்குற மாதிரி காருக்கும் இருக்குமான்னு நேத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல தேடிப் பாத்தேன். இருக்கு.”

அவர் என் கையிலிருந்த ஆர்.சி. புக்கை வாங்கிக்கொண்டார்.

“இப்ப யாருங்கய்யா இதை ஓட்டுறது?”

“மக ஸ்டெல்லா. இலுப்பூர்ல டீச்சர். பேத்தியையும் ஏத்திக்கிட்டு தெனமும் இதுலதான் போகுது...”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. காரைப் பார்த்தார். பின் சீட்டில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கிடந்தது.

“எனக்கு ஒரு லெட்டரும் வரலையேம்மா” என்றார்.

வராதுதான். கடிதம் போட்டிருந்தால் அது முதல் ஓனர் வீட்டுக்குப் போயிருக்கும். அவர் கோயம்புத்தூர்க்காரர். வண்டி கை மாறுகிறது... விலாசமும் போன் நம்பரும் கம்பெனியின் கணக்கில் பழையபடியே இருக்கின்றன.

அமுதா சொன்னாள்: “வண்டி வேணாம்னு நான் சொல்லலைங்கய்யா. வண்டி புடிச்சிருக்கு. இதை மட்டும் மாத்திட்டு வாங்கிக்கிறேன். எங்கிட்ட விக்கிறீங்களோ இல்லையோ, நாளைக்கு ஒங்க மகளைப் பஸ்ஸுல போகச் சொல்லுங்க.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டீர்களா? வாங்க வந்தவள் பேசுகிற பேச்சா அது?

மறுநாள் அந்தோணிசாமியே போன் செய்தார். “திருச்சி சர்வீஸ் சென்டருக்குப் போவோம். நீங்களும் வாங்கம்மா. எனக்கு அங்கிட்டுப் பேசத் தெரியாது.” மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றவரை அமுதா விடவில்லை. கம்பெனியின் இலவச நம்பருக்குப் பேசி, இழுத்துப் போக வண்டி வரவழைத்துவிட்டாள். நானும் பஸ்ஸில் அவர்களோடு போனேன்.

கவுன்டரில் இருந்த இளைஞர் வண்டியின் மாடலைக் கேட்டதும், “அந்த ரீகால்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சே மேடம்” என்றார். அமுதா போனில் எடுத்து வைத்திருந்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினாள். உள்ளே போனார். வெளியே வந்தபோது கூட மேனேஜரும் வந்தார்.

மேனேஜர் நல்ல மனிதர். மறைக்காமல் சொன்னார். ஏர்பேக்கை ஊதி விரிக்கிற சின்ன உலோகக் குப்பி ஒன்று ஸ்டீயரிங்குக்குள் இருக்கிறதாம். வருடங்கள் போகப் போக, வெக்கையில் அதற்குள் இருக்கிற வெடிமருந்து கெட்டுப்போகலாம். அப்படிக் கெட்டிருந்தால், விபத்து நடக்கும்போது குப்பியே வெடித்து இரும்புத் துண்டுகள் ஓட்டுகிறவர் மேல் பாயும். காப்பாற்ற வைத்ததே காயப்படுத்தும்.

அந்தோணிசாமி பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பார்ட் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்” என்றார் மேனேஜர்.

அந்த மூன்று வாரத்தில்தான் எனக்கு வேறு ஒரு ஞானம் வந்தது. என் காரின் நம்பரையும் போட்டுப் பார்க்க அமுதாவிடம் சொன்னேன் — சும்மா, ஒரு வேடிக்கைக்கு. ஃபியூயல் பம்ப் ரீகால் பாக்கி! மேடு ஏறும்போது வண்டி திணறி நின்றுவிடும். தண்ணீர் கலந்த பெட்ரோல் என்று ரெண்டு வருடமாக ஒரு பங்க்கைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பங்க் முதலாளி இதை வாசித்தால் மன்னிக்கவும்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். மதுரையிலிருந்து ஒரு புரோக்கர் அந்தோணிசாமியைத் தேடி வந்திருக்கிறார். நாங்கள் பேசியதைவிட அதிகம் தருகிறேன், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று. எனக்குத் தகவல் வந்ததும் அமுதாவிடம் சொன்னேன். “போச்சு! இவ்வளவு அலைஞ்சதும் வீண்.”

அவள் ஆசைப்பட்ட வண்டி. அன்றும் இரண்டு பஸ் மாறித்தான் வீடு வந்திருந்தாள். பிறகு ஸ்பீக்கரில் விராலிமலைக்குப் போன் போட்டாள்.

“ஐயா, யாருக்கு வேணாலும் குடுங்க. எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இந்த விசயத்தைச் சொல்லிக் குடுங்க.”

“சொல்லிட்டேம்மா” என்றார் அவர். “அதெல்லாம் எவன் பாக்குறான், வாயைத் தொறக்காம வண்டியை எடுத்துட்டு வந்து குடுங்கன்னாரு. ஏறி உக்காரப் போறது எவன் வீட்டுப் புள்ளையோ... எனக்கு மனசு வரலை. போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். வண்டி ஒங்களுக்குத்தான்.”

போனை வைத்துவிட்டு அமுதா கண்ணைத் துடைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலாவது வாரம் பார்ட் மாற்றப்பட்டது. பைசா செலவில்லை. ‘ரீகால் வேலை முடிந்தது’ என்று எழுதிய ஜாப் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெப்சைட்டில் மறுபடி நம்பரைப் போட்டாள். பாக்கி ஒன்றும் இல்லை என்று வந்த பிறகுதான் நகர்ந்தாள். ரீகால் வந்த வண்டி மோசமான வண்டி இல்லை, வந்ததைக் கவனிக்காமல் விட்ட வண்டிதான் ஆபத்து என்று எனக்கு விளக்கம் வேறு!

விராலிமலையில் சாவியை வாங்கப் போனோம். ஸ்டெல்லா டீச்சர் வந்திருந்தார். அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தாள். “அடுத்து மகளுக்கு ஒரு வண்டி எடுக்கணும். நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தாம்மா எடுப்பேன்” என்றார் அந்தோணிசாமி.

கவனியுங்கள் — அமுதாவைத்தான் கூப்பிட்டார். என்னை அல்ல.

இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை. தங்கை ஓட்ட, நான் இடது பக்கம். “அண்ணே, பெல்ட்டு” என்றாள். போட்டேன். நாற்பதைத் தாண்டவே இல்லை. லாரி முந்தியது, டவுன் பஸ் முந்தியது, வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டரும் ஹாரன் அடித்து முந்திப் போனது.

சத்தியமாகச் சொல்கிறேன்... இவ்வளவு கம்பீரமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை!