மெய்யில் ஒரு கோடு

சம்பூர்ணம் அக்கா விரலைத் தண்ணீரில் நனைத்து, கரி கனலும் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு சொட்டு சுண்டுவார். உடனே ‘சுர்’ என்றால் பருத்திக்குச் சரி. ஒரு கணம் தயங்கிச் சொன்னால் பட்டுக்குச் சரி. அதே ஈர விரலால் கைபேசியைத் தள்ளுவார். அது நகராது. “இதுக்கு என்னைக் கண்டாலே ஆவாது” என்று விரலை இடுப்பில் துடைத்துவிட்டு, வாட்ஸப்பில் வந்ததை உரக்கப் படிப்பார்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குள் எந்தச் செய்தியும் அவர் இஸ்திரி வண்டியைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். பின்னால் உள்ள வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு கட்டம்: மெய், பொய். துணி கொடுக்க வருபவர்கள் கரித்துண்டால் ஆளுக்கொரு கோடு போடலாம். ஒரே நிபந்தனை, கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

தென்னேரி ஏரி உடைந்துவிட்டதாக ஒருமுறை வந்தது. ஆட்டோக்காரர் கந்தன் மெய்யில் கோடு போடப் போனார்.

“நீ பாத்தியா?”

“மச்சான் சொன்னாருக்கா.”

“அப்ப மச்சானை வரச் சொல்லு. அவரு போடட்டும்.”

தென்னேரியிலிருந்து பால் கொண்டுவரும் வீரபத்திரன், “அந்தக் கரை மேலதான் வண்டி ஓட்டிக்கினு வரேன். நனைஞ்சா இருக்கேன்?” என்று பொய்யில் ஒரு கோடு இழுத்தார்.

ஆவணியில், முகூர்த்தப் புடவைகள் குவிந்திருந்த வாரம், அக்கா ஒன்றை உரக்கப் படிக்காமல் கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். ‘எச்சரிக்கை! கரிப்பெட்டியில் தேய்த்தால் பட்டு பொசுங்கும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.’ அதற்குள் மூன்று வீட்டார் புடவையைத் திரும்ப வாங்கிப் போயிருந்தார்கள்.

“அழிச்சிடுக்கா” என்றார் கந்தன்.

“ஊர் சேதிக்கெல்லாம் கரி, என் சேதிக்கு மட்டும் ரப்பரா?”

கட்டம் போட்டார். நான் கரியை எடுத்தேன்.

“நீ வைப்பா. உன் சட்டை எந்தக் காலத்துல பட்டைப் பாத்துச்சு?”

வைத்துவிட்டேன்.

நெசவு வீட்டுக் கலைவாணி, அக்கா தேய்த்த மூன்று புடவைகளைக் கொண்டுவந்து முந்தானையை விரித்துக் காட்டி, மூன்று கோடு கேட்டார்.

“ஆளுக்கு ஒண்ணுதாம்மா. பொடவைக்கெல்லாம் ஓட்டு கெடையாது.”

மாலைக்குள் பொய்யில் முப்பத்தெட்டு. மெய்யில் ஒன்று.

அந்த ஒன்றைப் போட்டது யார் என்று தெருவே துப்பறிந்தது. எதிரே மின்சாரப் பெட்டியில் தேய்க்கும் தேவேந்திரன்மேல் எல்லோர் கண்ணும் போயிற்று. அவர் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். “பாருங்கபா, கரி இருக்குதா? என்னுது கரன்ட்டுப் பொட்டி!”

அக்கா நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்ப வாங்கிப் போன மூன்று புடவைகளில் இரண்டு மறுநாளே திரும்பி வந்தன.

தை மாதத்தில் ஒரு நாள், வண்டியில் விரித்திருந்த கம்பளியை அவர் உதறினார். அடியில் நாலாய் மடித்த ஓர் அரக்குப் பட்டு. அதன் நடுவில், இஸ்திரிப் பெட்டியின் அச்சாக ஒரு கரிந்த தழும்பு.

“என் கல்யாணப் பொடவ. தொழில் கத்துக்கினது இதுலதான்.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“அங்க என்னத்தப் பாக்குற? நான் கண்ணால பாத்தவ இல்லியா?”

கம்பளியை அதன்மேல் போட்டு நீவினார். பிறகு விரலை நனைத்து, பெட்டியில் ஒரு சொட்டு சுண்டி, காதைச் சாய்த்துக்கொண்டார்.