மூண்டாவது நிமிசம்

பேய், செய்வினை எண்டு கதைக்கிற ஆக்களைக் கண்டா எனக்குச் சிரிப்புக்கூட வராது, எரிச்சல்தான் வரும். எங்கட குடும்பத்தில பள்ளிக்கூடம் முடிச்ச முதல் ஆள் நான், கொழும்பு கொட்டாஞ்சேனையில ஒற்றை அறை வீட்டில இருந்து படிச்சு டொக்டரா வந்தனான். நம்பினா நம்புங்கோ, இது பட்டப்பகல் ரெண்டு மணிக்கு நடந்தது.

வெள்ளவத்தையில இருந்து ஒரு வயசான ஐயாவை மகன் அவசரப் பிரிவுக்குக் கொண்டந்தார். கையில விலை கூடின போன், வாயில செய்வினை.

"எழும்பி நிண்டா ஆரோ தள்ளின மாதிரி விழுறார் டொக்டர். நூல் கட்டியும் சரிவரேல்ல."

"பிரஷர் பாத்தனீங்களோ?"

பாக்கேல்லையாம்.

எழும்பினா பிரஷர் இறங்குதோ எண்டு பாக்க ஒரு முறை இருக்கு. அஞ்சு நிமிசம் படுக்கவிட்டுப் பிரஷர் பாக்கவேணும், பிறகு நிப்பாட்டி வைச்சு ஒரு நிமிசத்தில ஒருக்கா, மூண்டு நிமிசத்தில ஒருக்கா. கதிரையில இருத்தி ஒருக்காப் பாத்திட்டு எழுதிவிடுற டொக்டர்மாரை நான் மதிக்கிறதே இல்ல. ஆனா அண்டைக்குச் சரியான சனக்கூட்டம், முதல் நிமிசத்தில பிரஷர் சரியா இருந்தது, நானும் கையில சுத்தின பிரஷர் பட்டையைக் கழட்டிட்டு வீட்ட போகலாம் எண்டு எழுதத் தொடங்கிட்டன்.

"வாங்கோ அப்பா, போவம்" எண்டார் மகன்.

ஐயா நிண்ட இடத்தை விட்டு அசையாம என்னைப் பாத்துச் சொன்னார். "மிஸ், மூண்டு நிமிசம் ஆகேல்லையாம். டொக்டர் சொல்லுறா."

ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாரைத்தான் மிஸ் எண்டு கூப்பிடுறது, பொம்பிளை எண்டா டொக்டரையும் அப்பிடித்தான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஐயா, நான்தான் டொக்டர்."

"இல்ல, நீங்க மிஸ். கட்டில் கால்மாட்டில நிக்கிறா, அவதான் டொக்டர்."

கால்மாட்டில சுவர்தான் இருந்தது. அவற்ற வாயை அடைக்கவேணும் எண்டே திரும்பப் பட்டையைச் சுத்தினன். மேல் பிரஷர் நூற்றி நாப்பதில இருந்து எழுபதுக்கு இறங்கியிருந்தது. அவர் அப்படியே என்ர தோளில சரிஞ்சார். ஸ்கான் பண்ணிப் பாத்தா, வயித்துக்குள்ள இரத்தம் கசிஞ்சுகொண்டு இருந்திருக்கு. வீட்ட அனுப்பியிருந்தா விடியமுன்னம் முடிஞ்சிருப்பார்.

மூளைக்கு இரத்தம் குறைஞ்சா இல்லாத ஆக்கள் தெரிவினம், அது எனக்குத் தெரியும். ஆனா மூண்டு நிமிசக் கணக்கை அவருக்கு ஆர் சொன்னது? நான் வாய்விட்டுச் சொல்லேல்ல. இப்பிடி முன்னம் ஒருத்தரும் சோதிக்கேல்ல எண்டு மகன் சத்தியம் பண்ணுறார்.

அடுத்த நாள் வார்ட்டுக்குப் போய், அந்த டொக்டர் எப்பிடி இருந்தவ எண்டு கேட்டன்.

"முகம் வடிவாத் தெரியேல்ல மகள். அவ என்னைப் பாக்கவே இல்ல. முழு நேரமும் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ."

இப்ப ஒவ்வொரு நோயாளிக்குப் பக்கத்திலயும் நான் மூண்டு நிமிசமும் முழுசா நிக்கிறன். கால்மாட்டுப் பக்கம் மட்டும் திரும்புறேல்ல.