என் பெயரில் கொடுத்த மருந்து

ஐம்பதுகளின் தொடக்கத்தில், நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. நான் மெடிக்கல் காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன்.

மெடிக்கலுக்கு முன்பு படித்த இன்டர்மீடியட்டில் எனக்கு முதல் வகுப்பு. புத்தகத்தை நெட்டுருப் போட்டேன், தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதி வைத்தேன், மார்க் விழுந்தது. மெடிக்கல் காலேஜில் அந்த வித்தை முதல் மாதமே பல்லிளித்துவிட்டது. ஓர் எலும்பைக் கையில் கொடுத்து, இது வலது கையா இடது கையா என்பார்கள். குத்துமதிப்பாகச் சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். அதோடு கதை முடிந்தது. இன்டரில் இரண்டு வருடம் படித்ததெல்லாம் இங்கே சில வாரப் பாடத்துக்குக் காணாது. விழுந்து விழுந்து படித்தும் உடற்கூறு பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. நான் காலேஜில் சேர்ந்த அன்றே அவருக்கு நான் டாக்டர். "எங்க வூட்லயே டாக்டர் கீது, இன்னாத்துக்குக் கவலை?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்கா தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் திருவொற்றியூரில் ஃபாக்டரி வேலைக்குப் போயிருந்தான். குழந்தைக்கு நல்ல ஜுரம். கழுத்து வீங்கியிருந்தது. மூச்சை இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம்.

அந்த மாதம் நாங்கள் பிணத்தில் கழுத்தைத்தான் அறுத்துப் படித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொண்டையில் ஓடும் நரம்புகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். குழந்தை ஏன் இப்படி மூச்சு விடுகிறது என்பது தெரியாது. நோயாளி என்று ஒருவரை நான் அதுவரை தொட்டதே இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்க்கா, உடனே" என்றேன்.

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "இன்டர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினவ. ஒரு ஜுரத்துக்கு மருந்து தெரியாதா? ஏதாச்சும் எழுதிக் குடும்மா. நாலு பேரு பாத்துகினு கீறாங்க."

"தெரியாது நைனா. செத்தவங்களத்தான் நான் படிச்சிருக்கேன்" என்று கத்திவிட்டேன். வாசலில் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். அவள் கையிலிருந்து குழந்தையை ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். அவளும் அழுதுகொண்டே ஏறினாள். வழியில்தான் சொன்னாள்.

"நீ சொன்ன மருந்ததான் தங்கச்சி நேத்துலேர்ந்து குடுத்துகினு கீறேன். கேக்கவே மாட்டேங்குது."

"நான் எப்போ சொன்னேன்?"

"உங்க நைனாதான் குடுத்தாரு. பொண்ணு குடுக்கச் சொல்லிச்சுன்னாரு."

வீட்டில் கிடந்த பழைய இருமல் மருந்து. முந்தின நாள் நான் காலேஜுக்குப் போயிருந்தபோது என் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை நம்பி அவள் குழந்தையை எங்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்ததுமே டாக்டர் குழந்தையை உள்ளே தூக்கிப் போனார். தொண்டை அடைப்பான், அதாவது டிஃப்தீரியா. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. குழந்தை பிழைத்துவிட்டது. நேற்றே வந்திருந்தால் வெறும் ஊசியோடு போயிருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன், "கொழந்த செத்திருந்தா?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன். சாவல இல்ல?" என்றார்.

நான் பட்டம் வாங்கும்வரை யாரிடமும் என்னை டாக்டர் என்று சொல்லக்கூடாது என்றேன். அதை மட்டும் கேட்டுக்கொண்டார். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை கடைசிவரை வரவில்லை.

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. என்னைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. டாக்டராக இருந்த காலமெல்லாம், புரியாத நோயைப் புரிந்ததுபோலக் காட்டி ஒருவரைக்கூட நான் வீட்டுக்கு அனுப்பாததற்கு அந்தக் கோபம்தான் காரணம்.