வலிக்கணும்னு கேட்டேன்

செருப்போட உள்ள வந்து நிக்கிறேன், சபையாரே. நல்லா பாத்துக்குங்க. உங்க செருப்பெல்லாம் வெளிய படிக்கட்டாண்ட குவிஞ்சு கிடக்குது. இவ மட்டும் இன்னா மகாராணியாட்டம் மாட்டிக்கிட்டு பீடத்துக்கிட்ட வந்து நிக்கிறான்னு பின்னால ரெண்டு பேர் பேசிக்கிட்டது என் காதுல விழுந்துது. காது நல்லாத்தான் கேக்குது எனக்கு. கால்லதான் கோளாறு. ஆண்டவர் எனக்கு செஞ்சதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனா பூசி மெழுகி சொல்ல எனக்கு வராது.

என் பேரு ஸ்டெல்லா. ஆம்பூர் பைபாஸ் ஓரத்துல ஒரு ஷூ கம்பெனியில வேலை செஞ்சேன். தையல் இல்ல, பேக்கிங் இல்ல. என் கால்தான் என் வேலை. லேடீஸ் ஷூவுல புது மாடல் செஞ்சா மொதல்ல முப்பத்தேழாம் சைஸ்லதான் சாம்பிள் போடுவாங்க. என் கால் சரியா முப்பத்தேழு. நான் அதை மாட்டி நடந்து பாத்து, சுண்டுவிரலைக் கடிக்குது, குதிகால் லூசா இருக்குதுன்னு சொல்லணும். நான் சொல்றதைக் கேட்டுத்தான், ஷூவை மாட்டித் தைக்கிற கால் அச்சையே திருத்துவாங்க. வெளிநாட்டுல எவ எவளோ சொகுசா நடக்கிறான்னா அது என் கால் சொன்ன புத்தி. எனக்கு அதுல கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எனக்கு சக்கரை வியாதி வந்து வருஷக்கணக்கு ஆச்சு. எங்கம்மாவுக்கும் இருந்துது. மாத்திரை போடுவேன். ஆனா கம்பெனியில பெல் அடிச்சா டீ, வீட்டுக்கு வந்தா டீ, மூணு வேளையும் வயிறு நிறைய சோறு. அப்புறம் கால்ல எரிச்சல் ஆரம்பிச்சுது. மிளகாய் அரைச்சு பாதத்துல அப்பின மாதிரி எரியும். போர்வை பட்டாலே துடிச்சுப் போயிடுவேன். கம்பெனியில சொன்னா, "சிமெண்ட் தரையில நின்னா எல்லாருக்கும் எரியத்தான் செய்யும், இன்னா பேஜார் பண்றே?"ன்னு சிரிப்பாங்க. நானும் அதையே நம்பினேன்.

அழுதேங்க. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள் முழுக்க உபவாசம் இருந்து, ஆண்டவரே இந்த எரிச்சலை எடுத்துப் போடுங்கன்னு மன்றாடினேன். ஈஸ்டர் கிட்ட வர்றப்ப எரிச்சல் கம்மியாச்சு. அப்புறம் சுத்தமா போயே போச்சு. இதே இடத்துல, இதே மைக்கைப் பிடிச்சு சாட்சி சொன்னேன். ஞாபகம் இருக்குதா? எப்படிக் கை தட்டினீங்க! லில்லி அண்ணி, என் வீட்டுக்காரரோட அக்கா, நம்ம பெண்கள் சங்கத் தலைவி, அவங்கதான் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. "சுகம் கொடுத்தவருக்கு முன்னாடி இனிமே மாத்திரை இன்னாத்துக்கு ஸ்டெல்லா? அது அவிசுவாசம்"னு சொல்லி, மாத்திரை டப்பாவை அவங்க கையாலயே தூக்கிக் குப்பையில போட்டாங்க. என் வீட்டுக்காரர் தேவராஜு அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன்.

ஐப்பசி மழை கொட்டிக்கிட்டிருந்த சமயம். வெளிநாட்டுல இருந்து ஷூ ஆர்டர் கொடுக்கிற பையர் வந்திருந்தாங்க. ஒரு வெள்ளைக்கார அம்மா, கூட ஒருத்தர். மேனேஜர் புது ஷூவை நீட்டினாரு. மாட்டிக்கிட்டு நடந்தேன், திரும்பினேன், முட்டி போட்டு எழுந்தேன். "எப்படி இருக்கு ஸ்டெல்லா?"ன்னு கேட்டாரு. "சூப்பர் சார், பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குது"ன்னேன். பொய் இல்லங்க. அப்ப எனக்கு எல்லாமே பஞ்சாத்தான் இருந்துது. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. நான் ஷூவைக் கழட்டினேன்.

சாக்ஸ் முழுக்க ரத்தம்.

உள்தோலை அச்சுல பிடிச்சு வைக்க சின்ன ஆணி அடிப்பாங்க. அச்சை உருவறதுக்கு முன்னாடி அதைப் பிடுங்கணும். ஒண்ணை மறந்துட்டாங்க. அந்த ஆணி மேலதான் நான் ரூம் முழுக்க நடந்து, சிரிச்சு, சூப்பர்னு சொல்லியிருக்கேன். மேனேஜர் ஓடிவந்து எடுத்துப் பாத்தது ஷூவை. "அய்யய்யோ, லைனிங் பூரா ரத்தம். பீஸ் போச்சே!"ன்னாரு. அப்புறம்தான் என் மூஞ்சியைப் பாத்தாரு. "ஆணி குத்தினது உனக்குத் தெரியலையா?"

"தெரியல சார்."

என் கால் செத்துப்போனது எனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்தவங்களுக்குப் புரிஞ்சிருச்சு.

வீட்டுக்கு வந்து மஞ்சள் வெச்சுக் கட்டினேன். வலிதான் இல்லையே, ஆறிடும்னு இருந்தேன். கொஞ்ச நாள்ல வீடெல்லாம் ஒரே நாத்தம். தேவராஜுக்கு டேனரியில வேலை, பச்சைத்தோல் பிரிவு. அவர் துணியில வர்ற நாத்தம்னு நெனச்சு அந்த மனுஷனை நாயா பேயா திட்டினேன். துணியை வெளியிலயே கழட்டுன்னேன், குளிச்சுட்டு உள்ள வான்னேன். பாவம், மழையில நின்னு குளிச்சுட்டு வந்தாரு. ஒருநாள் அவரே என் பக்கத்துல வந்து உக்காந்து மோந்து பாத்தாரு. பிறந்ததுல இருந்து தோல் நாத்தத்துல வளந்த ஆளு. "ஸ்டெல்லா, இது தோல் இல்லடி. இது உன் கால்"னாரு. கட்டைப் பிரிச்சா பெருவிரலும் பக்கத்து விரலும் கருப்பா கிடக்குது.

லில்லி அண்ணி வந்து பாத்தாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு வாசப்படியிலயே நின்னாங்க. "சுகத்தைக் கொடுத்த ஆண்டவர் சும்மாவா திருப்பி எடுப்பாரு? ஏதோ மறைவான பாவம் இருக்குது. அறிக்கை பண்ணு ஸ்டெல்லா"ன்னாங்க. எனக்கு அழுகை வரல. ஆத்திரம்தான் வந்துது. அன்னிக்குத்தான் தேவராஜு வாழ்க்கையில மொத தடவையா, "அக்கா, நீ வீட்டுக்குக் கெளம்பு"ன்னாரு. என்னை ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு வேலூருக்கு ஓடினாரு.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. நான் பழைய சாட்சியைச் சொன்னேன், எரிச்சல் போய் சுகமாச்சேன்னு. அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அது சுகம் இல்லம்மா. ரத்தத்துல சக்கரை ஜாஸ்தியாவே நின்னா சின்ன ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போகும். பாதத்துலதான் மொதல்ல காட்டும். நரம்பு கெடும்போது எரியும். முழுசா கெட்டுட்டா ஒண்ணும் தெரியாது"ன்னாங்க.

நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தது என் நரம்பு செத்ததுக்கு. இதை விடக் கேவலம் இருக்குதா?

"பாவத்தால வருமா டாக்டர்?"னு கேட்டேன். "இன்சுலின் போதாம, இருக்கிறதும் சரியா வேலை செய்யாம வரும். உங்கம்மாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கு வந்திருக்கு. மாத்திரையை நிறுத்தினதும் ஏறிடுச்சு. இதுல பாவம் எங்கம்மா இருக்கு?"ன்னாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. சீழ் மேல ஏறுது, ரத்த ஓட்டம் இல்லன்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும், காலையில பாத்துட்டு முடிவு பண்றோம்னு.

அப்ப நான் பண்ண ஜெபம் இதுதான். ஆண்டவரே, எரிச்சலை எடுங்கன்னு கேட்டேன்ல, அந்த ஜெபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு வலி கொடுங்க. என் கால்ல எங்கியாவது ஒரு இடத்துல வலிக்கணும். வலிச்சுக் கத்தணும் நான். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்படி ஒருத்தி கேட்டு அவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாரு.

காலையில கட்டைப் பிரிச்சு, கம்பி மாதிரி ஒண்ணை வெச்சுக் குத்திப் பாத்துக்கிட்டே வந்தாங்க. விரல்ல ஒண்ணும் இல்ல. விரலுக்குக் கீழ சதையில ஒண்ணும் இல்ல. தேவராஜு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பாதத்து நடுவுல வந்தாங்க பாருங்க, அம்மாடி! உயிரே போயிடுச்சு. வார்டே அதிர்ற மாதிரி "ஐயோ, ஸ்தோத்திரம்! ஐயோ, ஸ்தோத்திரம்!"னு கத்தினேன். பக்கத்து பெட் அம்மா பைத்தியம்னே நெனச்சிருப்பாங்க. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "வலி இருக்கிறது சந்தோஷம்தான். ஆனா ஸ்கேன்ல ரத்த ஓட்டத்தைப் பாத்துட்டுத்தான் நான் சொல்லுவேன்"னாங்க. பாத்தாங்க. ஓட்டம் இருந்துது. ரெண்டு விரல் போச்சு, கால் நின்னுது.

கம்பெனியில என்னைத் திருப்பிச் சேக்கல. விரல் இல்லாத காலுக்கு எந்த ஷூவைம்மா மாட்டுறதுன்னு கேட்டாரு மேனேஜர். என் எடத்துல வேற ஒரு பொண்ணு நடக்கிறா. போகட்டும். இப்ப ஊசி போட்டுக்கிறேன், மாத்திரை போட்டுக்கிறேன். சோறு கம்மி, காயும் பயறும் ஜாஸ்தி. டீக்கு சக்கரை கெடையாது. தெனமும் கண்ணாடியைத் தரையில வெச்சு அடிப்பாதத்தைப் பாக்கிறேன், எனக்குத் தெரியாததைத் தேவராஜு பாக்கிறாரு. செருப்புக்குள்ள கைவிட்டுத் தடவாம கால் விட மாட்டேன். வெறுங்கால்ல ஒரு எட்டு வெக்கக் கூடாதுன்னாங்க, வீட்டுக்குள்ளயும்தான். அதனாலதான் ஆண்டவர் சந்நிதியிலயும் செருப்பு. அவருக்கு இதுல கோவம் இல்ல, நான் கேட்டுட்டேன்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். போன மாசம் லில்லி அண்ணி வீட்டுக்கு வந்தாங்க. வழக்கம்போல செருப்பை வெளிய விட்டுட்டு ஹால்ல நடந்தாங்க. நடந்த எடமெல்லாம் டைல்ஸ்ல செவப்பா புள்ளி புள்ளியா தடம். "அண்ணி, உக்காருங்க"ன்னேன். காலைத் தூக்கி மடியில வெச்சுப் பாத்தா, முழு வேலிக்காத்தான் முள்ளு ஒண்ணு உள்ள ஏறிக் கிடக்குது. "ஒண்ணும் வலிக்கலையே ஸ்டெல்லா"ன்னாங்க. சக்கரை டெஸ்ட் ஒருநாளும் பண்ணதில்லையாம்.

"இன்னா பாவம் செஞ்சீங்க அண்ணி?"ன்னு கேட்டுட்டேன். ஆமா, கேட்டேன். அவங்க மூஞ்சி சுண்டிப்போச்சு. அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். அவங்க காலை நான்தான் கழுவினேன், நான்தான் அதே டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அவங்களுக்கும் சக்கரைதான். சீக்கிரம் வந்ததால புண் ஆறிடுச்சு. அவங்களுக்கும் இதே மாதிரி மெத்து செருப்பு ஆஸ்பத்திரியில கொடுத்திருக்காங்க.

உங்கள்ல யாருக்குக் கால் எரியுதோ, ரத்தம் கொடுத்து சக்கரையைப் பாருங்க. எரிஞ்சு எரிஞ்சு திடீர்னு நின்னுபோயிருந்தா, சாட்சி சொல்ல ஓடி வராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஜெபம் பண்ணிக்கிட்டே ஓடுங்க. என் கத்தலைக் கேட்ட ஆண்டவர் உங்களதையும் கேப்பாரு.

லில்லி அண்ணி, முன் வரிசையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உள்ள வரும்போது பாத்தேன், நாலு பேர் இன்னா சொல்லுவாங்கன்னு அந்தச் செருப்பைப் படிக்கட்டுல விட்டுட்டு வெறுங்காலோட வந்தீங்க. எழுந்து போங்க அண்ணி. மாட்டிக்கிட்டு உள்ள வாங்க. ஆயர் ஐயா, அண்ணி வர்ற வரைக்கும் பாட்டு ஆரம்பிக்காதீங்க.