பத்து வண்டிக்கும் ஒரே புருஷன்

கங்கம்மாவைப் பார்த்து 'ஐயோ பாவம்' சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றிப் பேசிய எல்லோரும் அங்கேதான் ஆரம்பித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் ரயில் நிலையத்துக்கு நான் தினமும் போவது அவளுடைய ஆட்டோவில். பேட்டரி வண்டி, சத்தமே வராது. அந்தக் குறையைக் கங்கம்மாவின் வாய் தீர்த்துவைக்கும். ஸ்டாண்டில் வரிசையை மீறுகிறவனை அவள் திட்டுவது பிளாட்பாரம் வரை கேட்கும். 'பொம்பளைக்கெல்லாம் இங்க இடமில்ல' என்று முதலில் மறித்தவர்கள்தான், இப்போது அவள் டீ குடித்துவிட்டு வரும்வரை வரிசையில் அவள் இடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

வண்டி, வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றில் வந்தது. இங்குள்ள ஒரு தொண்டு நிறுவனம் பத்துப் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, லைசென்ஸ் எடுத்துக்கொடுத்து, ஆளுக்கொரு ஆட்டோவும் கொடுத்தது. நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓட்டினால் வண்டி அவரவர் பெயருக்கு மாறிவிடும். அதுவரை அது நிறுவனத்துக்குச் சொந்தம்.

அவள் கணவர் பக்தவச்சலம் பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் கை மாட்டி மூன்று விரல் போயிற்று. அதன்பிறகு சமையல் அவருடையது, சம்பாத்தியம் இவளுடையது. மகள் அனுப்பிரியாவுக்கு அவர் பின்னிவிடும் சடையைப் பத்து விரலும் உள்ள என்னால் பின்ன முடியாது. வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்கு மனைவியின் ஆட்டோவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு போய்க் காய்கறி வாங்கி வருவார். "நம்ம வண்டிலயே துட்டு குடுக்காத சவாரி இவரு ஒருத்தருதாங்க்கா" என்று கங்கம்மா கிண்டல் செய்வாள். அதில் அவ்வளவு பெருமை இருக்கும்.

இரண்டு வருஷம் முடியும் நேரத்தில், பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. உடனே பத்து வண்டிகளின் பின்கண்ணாடியிலும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: 'குடிகாரக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் மறுவாழ்வு.' கீழே அதையே ஆங்கிலத்திலும்.

பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, "வீட்டுக்காரர் வேலைக்குப் போறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல, வூட்லதான் கீறாரு" என்றிருக்கிறாள் கங்கம்மா. ஆம்பளை வீட்டில் இருக்கிறான் என்றால் அவன் கையில் பாட்டிலைத் திணித்துவிடுவது நம்மூர் வழக்கம். மற்றவர்கள் சொன்னதையும் அப்படியே கலந்துகட்டி, பத்துப் பேருக்கும் ஒரே வாசகமாக அச்சடித்துவிட்டார்கள்.

"இன்னாக்கா இது, பத்து வண்டிக்கும் ஒரே புருசன் மாரி எழுதி வச்சிகீறாங்க!" என்று முதல் நாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம், "பாவம்மா நீ, அந்தாளு இப்ப எங்க இருக்கான்?" என்று விசாரித்தார்கள். அனுப்பிரியா பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை பக்தவச்சலம் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சந்தைக்குப் போனார். கேட்டதற்கு, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்றாராம். பஸ்ஸில் போகிற மனுஷன் சொல்கிற காரணமா இது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்கம்மா தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவைத்து, பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

நிறுவனத்து மாளவிகா போன் செய்தாள். வெளிநாட்டு ஆட்கள் முன்னால் வண்டிகளைப் பெயர் மாற்றிக்கொடுக்கும் விழாவுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டுதான் வரவேண்டும், இல்லையென்றால் வண்டியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கங்கம்மா என்னிடம் வந்தாள். "நீங்க கூட வரணும்க்கா. நான் சொல்றத அந்த மேடம் சீவி சிங்காரிச்சு இங்கிலீஸ்ல சொல்லிடும். நீங்க சொல்லுங்க. நான் திட்னா, திட்னதாவே சொல்லுங்க."

"வண்டி போயிடுச்சுன்னா?"

"தெரியல. பயமாத்தான் கீது."

விழா வண்டலூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்து வண்டிகள் வாசலில் நின்றன, ஒன்பதில் ஸ்டிக்கர். பக்தவச்சலம் வரமாட்டேன் என்றவரை இஸ்திரிச் சட்டை மாட்டி இழுத்து வந்திருந்தாள். அவர் கடைசி வரிசையில், கையைத் துண்டுக்குள் மறைத்து உட்கார்ந்திருந்தார்.

மாளவிகா மைக்கில் அழைத்தாள்: "குடிகாரக் கணவன் கைவிட்டும் தளராத கங்கம்மா!"

கைதட்டினார்கள். கங்கம்மா மைக்கை வாங்கினாள்.

"வுட்டுட்டு ஓடிப்போனவர் யாருன்னு பாக்கணுமா? அதோ கீறாரு. யோவ், எந்திரிய்யா."

பக்தவச்சலம் எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறிவிட்டு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். மூன்று விரல் போன கை அப்போதுதான் வெளியே தெரிந்தது.

"இவரு சோறாக்கிக் குட்தாதான் நான் வண்டி எடுப்பேன். ஒரு நாள் குடிச்சதில்ல. வண்டி உங்குளுது, வேணும்னா எடுத்துக்கோங்க. எம்புருசன் மானம் உங்குளுது இல்ல." சாவியை மேஜைமேல் வைத்தாள்.

நான் எழுந்து நின்று ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர்களில் மூத்த அம்மாள் மாளவிகா பக்கம் திரும்பி, "இப்படி எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவில்லையே?" என்றார். யாரும் கேட்கவில்லை! அழுகை காட்டினால்தான் பணம் வரும் என்று நம்மவர்களே முடிவுகட்டியிருக்கிறார்கள்.

மாளவிகா அவசரமாக மைக்கைத் திருப்பி வாங்கினாள். "தப்பு நடந்திடுச்சு. கங்கம்மா வண்டிக்கு வேணாம். மத்தவங்களுக்கு உண்மைதானே, அது இருக்கட்டும்," என்றாள்.

அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து பச்சையம்மா எழுந்தாள். பத்துப் பேரில் ஒருத்தி, பம்மல்காரி. எதிலும் வாய் திறக்காதவள் என்று பெயர்.

"உண்மைதாம்மா. எம்புருசன் குடிப்பான், அடிப்பான், ஓடியும் பூட்டான். பட்டது நானு. அத்த ஊருக்கெல்லாம் காட்டிகினு திரியணும்னு நான் சொன்னனா?" அவளும் தன் சாவியைக் கொண்டுபோய்க் கங்கம்மாவின் சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கங்கம்மாவே இதை எதிர்பார்க்கவில்லை. அவள் நிரபராதிக் கணவனுக்காகச் சண்டை போட்டாள்; பச்சையம்மாவுக்கு அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை. நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

மண்டபத்தில் யாரும் கைதட்டவில்லை. மாளவிகா இரண்டு சாவிகளையும் எடுத்து வந்து அவரவர் கையில் கொடுத்தாள். வண்டிகள் சொன்னபடி அவர்கள் பெயருக்கே மாறும் என்றாள். நாளைக்கே ஆள் அனுப்பி ஸ்டிக்கர்களை எடுத்துவிடுவதாகவும் சொன்னாள்.

"ஆளு வாணாம்," என்றாள் பச்சையம்மா. "ஒரு பிளேடு குடு. நானே எடுத்துக்கறேன்."