கம்பளி போர்த்திய பியானோ

மேல்மூடியைத் தூக்கியவுடன் பாச்சை உருண்டையின் வாசனை குப்பென்று மூக்கில் ஏறும். ஊரில் மற்ற பியானோக்களெல்லாம் என்ன வாசனை அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பியானோவுக்குள் அப்பா ஒரு பழைய ராணுவக் கம்பளியை நீளவாட்டில் கிழித்து, சுத்தியல்களுக்கும் தந்திகளுக்கும் நடுவே திரை மாதிரி தொங்கவிட்டிருந்தார். அதைப் பூச்சி அரித்துவிடக் கூடாதென்று மூலைக்கு மூலை உருண்டைகளையும் போட்டு வைத்திருந்தார். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் எழுந்து போய்க் கம்பளியில் முட்டும். அடுத்த அறையில் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவதுபோல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் சங்கீதம்.

கல்கத்தாவின் பாலிகஞ்சில் இரண்டாவது மாடியில் நாங்கள் குடியிருந்த காலம் அது, எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. ஊரைவிட்டுக் கிளம்புகிற வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலம் விடுவார்கள். அங்கே மேஜை விசிறி வாங்கப் போன மனுஷன், விசிறி கைக்கு எட்டாமல் போன எரிச்சலில், யாருமே கேட்காமல் நின்ற பியானோவைக் கேட்டு வாங்கிவிட்டார். கைவண்டிக்காரர்கள் அதைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு வந்தபோது அம்மா வாசலில் நின்று, "என்ன இது, சவப்பெட்டி கணக்கா" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "சவப்பெட்டி" என்றே ஆகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்து கல்கத்தாவில் வத்தக்குழம்பும் வாடகையுமாகக் காலம் தள்ளுகிற குடும்பத்துக்குப் பியானோ எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா சொன்ன ஒரே பதில், "பிள்ள வாசிப்பா" என்பதுதான். அந்தப் பிள்ளை நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

பிள்ளை வாசித்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் தீப்பிடித்தது. எங்கள் வரவேற்பறைச் சுவரும் பக்கத்து வீட்டு மாஷிமாவின் படுக்கையறைச் சுவரும் ஒன்றே. மாஷிமா என்றால் வங்காளியில் சித்தி. அக்கம்பக்கத்துப் பெண்மணிகளையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவோம். விதவை, பள்ளிக்கூட டீச்சர், நிரந்தரத் தலைவலிக்காரி. அவருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் பாப்லு, காலேஜ் பையன். சின்னவள் புலு, என் வயசு, என் சிநேகிதி. நான் நாலு ஸ்வரம் வாசித்து முடிப்பதற்குள் மாஷிமா பூரிக்கட்டையால் சுவரில் தட்டுவார். நிறுத்தாவிட்டால் பால்கனிக்கு வந்து தெருவே கேட்கக் கத்துவார்: "ஏ மத்ராஜி, என் தலை வெடிக்குது. உன் மகளை நிறுத்தச் சொல்லு."

இது தெருவுக்கே ஒரு வேடிக்கை. முனை விளக்கின் கீழே கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், என் வாசிப்பு தொடங்கியதுமே கையை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். பூரிக்கட்டை, அப்புறம் பால்கனிக் கதவு, அப்புறம் "என் தலை வெடிக்குது". மாஷிமாவோடு சேர்ந்து அவர்களும் அதே ராகத்தில் கத்திச் சிரிப்பார்கள். அப்பா எங்கள் பால்கனிக்கு வந்து இரண்டு கையையும் குவித்து, தன் உடைசல் வங்காளியில் மன்னிப்புக் கேட்பார். எனக்கு அவமானத்தில் காது சுடும். மாஷிமாவை நான் அப்போது மனதார வெறுத்தேன், அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போதும் இல்லை. அதன் பிறகுதான் கம்பளி வந்தது. பியானோவின் முதுகில் மெத்தை சாய்ந்தது, கால்களுக்கு அடியில் டயர்த் துண்டுகள் போயின. அப்படியும் மாஷிமா கேட்டுவிடுவார்.

இதற்கிடையே தெருவில் கொலை தொடங்கியிருந்தது. இதை நான் வேறு விதமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் எங்களுக்கு அது அப்படித்தான் வந்தது, பால்காரன் வருகிற மாதிரி. இந்தக் கட்சிப் பையன்கள் அந்தக் கட்சிப் பையனை வெட்டுவார்கள், மறுநாள் அவர்கள் இவர்களை வெட்டுவார்கள், போலீஸ் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் போகிற வழியில் சாக்கடை ஓரத்தில் ஒரு காலை நேரத்தில் பார்த்த செருப்பில்லாத இரண்டு கால்கள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. அதற்கு மேல் என்னைப் பார்க்கவிடாமல் அம்மா முந்தானையால் என் முகத்தை மூடிவிட்டாள். சணல் கயிறு சுற்றிய கைவெடிகுண்டுக்கு "பேட்டோ" என்று பெயர். சாயங்காலமானால் எங்கேயாவது பேட்டோ வெடிக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும், கடைக்காரர்கள் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் தெரு நெடுக ஓடும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்பா ஒரு யோசனை கண்டுபிடித்தார். முதல் குண்டு வெடித்ததும் அவர் செய்கிற காரியம் ஜன்னலைச் சாத்துவது, இரண்டாவது காரியம் பியானோவிலிருந்து கம்பளியை உருவுவது. "ஏட்டி, இப்ப வாசி. இப்ப ஒருத்தனும் குத்தம் சொல்லமாட்டான்" என்பார். அம்மா தரையில் படுத்துக்கொண்டு, "குண்டு விழுதுங்கேன், அப்பனுக்கும் மகளுக்கும் கூத்தப் பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நான் வாசிப்பேன். பலமாக வாசிக்க வேண்டிய பகுதிகளையெல்லாம் நான் பேட்டோ வெடித்த சாயங்காலங்களில்தான் கற்றுக்கொண்டேன். மாஷிமா தட்டுவாரா மாட்டாரா என்று அந்த நாள்களில் யாரும் கவனித்ததில்லை, தட்டினாலும் கேட்டிருக்காது. பயமும் சந்தோஷமும் கலந்த அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

பாப்லு தாதா (வங்காளியில் தாதா என்றால் அண்ணன்) அதற்குள் வீட்டைவிட்டுப் போயிருந்தார். எந்தக் கட்சியில் சேர்ந்தார் என்பதை மாஷிமா யாரிடமும் சொல்லவில்லை, எங்கள் முனைப் பையன்களின் கட்சியில் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தெருவுக்குள் கால் வைத்தால் வெட்டுவோம் என்று அவர்கள் சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள். மாஷிமா தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார், குடையை ஊன்றிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல்.

ஆடி மாதம் போல நசநசவென்று மழை பெய்த ஒரு சாயங்காலம். அன்றைக்கு வெடி இல்லை, தெரு அமைதியாக இருந்தது, கேரம் பலகையைக் கடை ஓட்டுக்குக் கீழே நகர்த்திப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கம்பளிக்குள் என் தலையணைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் அம்மா "யாரு" என்று கேட்டது காதில் விழுந்தது. வீட்டின் பின்புறம் துப்புரவுக்காரர்கள் ஏறி வருவதற்காக ஒரு சுழல் இரும்புப் படி உண்டு, இரண்டு வீட்டு அடுக்களைக்கும் அது பொது. அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மாஷிமா உள்ளே வந்து நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளைப் புடவையின் முன்பக்கம் முழங்கால் வரைக்கும் ரத்தம்.

"பாப்லு வந்திருக்கான். பின்படி வழியா வந்தான். தொடை கிழிஞ்சு தொங்குது. கூடவே ஒரு கம்பவுண்டர் வந்திருக்கார், தைக்கப் போறார், மரத்துப் போறதுக்கு ஊசி இல்லை." இதை வங்காளியில், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "உள்ளே இருக்கிற துணியை எடு. உன்னால முடிஞ்ச மட்டும் சத்தமா வாசி. அவன் கத்துறது தெருவுக்குப் போகக் கூடாது."

அம்மாதான் பியானோவின் மூடியைத் தூக்கி, கம்பளியை ஒரே இழுப்பில் உருவித் தரையில் போட்டாள். "என்னத்தப் பாத்துட்டு நிக்க? வாசி" என்றாள். பாச்சை உருண்டைகள் தரையில் உருண்டு ஓடின.

நான் வாசித்தேன் என்று சொல்வது தப்பு, அடித்தேன். பள்ளிக்கூடத்துப் பியானோ பரீட்சைக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு அணிவகுப்பு மெட்டு, அது முடிந்ததும் மறுபடி அதே மெட்டு, பிறகு ஸ்வர வரிசைகள், கை கிடைத்த இடத்தில் கை. மெத்தையை மீறிச் சுவர் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊசி சதைக்குள் போய் வருவதை நினைத்துக்கொண்டே அடித்தேன். நிறுத்தினால் பாப்லு தாதாவின் குரல் தெருவுக்குப் போய்விடும், குரல் போனால் கத்தி வரும், என் பன்னிரண்டு வயது மூளைக்கு அது துல்லியமாகப் புரிந்திருந்தது. நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. அழுதுகொண்டே அடித்தேன்.

அப்பா பழக்க தோஷத்தில் பால்கனிக்குப் போய்க் கையைக் குவித்துக்கொண்டு நின்றார். கீழே ஆட்டம் நின்றுபோயிருந்தது. பையன்கள் அண்ணாந்து, எங்களைப் பார்க்காமல், பக்கத்துப் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வர வேண்டியவர் வரவில்லை. அவர்களில் உயரமாக இருந்தவன், மாஷிமாவின் குரலில் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரன், அப்பாவைச் சித்தப்பா முறை வைத்துக் கேட்டான்: "காக்கு, மாஷிமா இன்னைக்கு வீட்ல இல்லையா?"

மாஷிமாவின் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறபோது இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று அப்பா நினைத்தார். உலகத்தில் யாருக்கும் சந்தேகம் வராத காரணம் ஒன்று அவருக்குத் தோன்றியது. "இருக்காங்க. தலைவலி, படுத்திருக்காங்க" என்றார்.

அவன் சிரிக்கவில்லை. "ஓ, தலைவலியா" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைப் பலகையின்மேல் வைத்தான். தலைவலி என்றால்தானே அவர் பால்கனிக்கு வந்து கத்துவார். அப்பாவுக்கு அது உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் கேரம் பலகையைச் சுற்றி ஆளில்லை.

அப்பா பின்படி வழியாக ஓடிப்போய்ச் சொன்னார். தையல் போட்டு முடித்து மயங்கிக் கிடந்தவரை நகர்த்த முடியாது, விடியட்டும், டாக்ஸி பிடித்து ஹௌராவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவாயிற்று. விடிந்ததும் அவர்கள் வந்தார்கள். மாஷிமா வீட்டு முன்பக்கக் கதவு உடைகிற சத்தம் கேட்டது. பாப்லு தாதா எழுந்து பின்படிக்கு வந்துவிட்டார். எங்கள் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தேன், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இரும்புக் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். கீழே கொல்லையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் அவருடைய தலைமயிரைப் பிடித்தான், மற்றவன் வளைந்த கத்தியால் கழுத்தில் வெட்டினான், ஒரு வெட்டில் முடியவில்லை. குழாயடித் தொட்டித் தண்ணீர் சிவப்பாயிற்று. மாஷிமா படியின் உச்சியில் நின்று போட்ட கூச்சல் மனிதக் குரல் மாதிரியே இல்லை.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உயரமானவன் அப்பாவைக் கன்னத்தில் அறைந்து, "தலைவலியா காக்கு?" என்றான். அதே கத்தி, துடைக்காத கத்தி, பியானோவின் முகப்பில் இறங்கியது. தந்திகள் ஒவ்வொன்றாக அறுந்து துள்ளின, ஒன்று அப்பாவின் நெற்றியைக் கிழித்தது, அந்தத் தழும்போடுதான் அவர் கடைசியில் போய்ச் சேர்ந்தார். கம்பளி இல்லாததால் எல்லாம் நன்றாகவே கேட்டது. கேஸ் எதுவும் நிற்கவில்லை. நாங்கள் அந்த மாதமே வீடு மாறினோம், மாஷிமா புலுவை அழைத்துக்கொண்டு தம்பி ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. நான் அதற்குப் பிறகு பியானோவைத் தொடவில்லை.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. சுழல்படியும் கொல்லையும் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், கீழே நகைக்கடை. நான் மகளோடு நியூ டவுனில் பதினாலாவது மாடியில் இருக்கிறேன். பேத்தி மின்சாரக் கீபோர்டு வைத்துக்கொண்டு காதில் ஹெட்ஃபோனை மாட்டி வாசிக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே கட்டைகளின் டொக்டொக் மட்டும்தான் கேட்கிறது. பக்கத்து வீட்டில் குடியிருப்பவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்குத் தலைவலி வருமா என்பதும் தெரியாது.

போன குளிர்காலத்தில் எங்கள் வளாகத்து மருந்துக்கடையில் என் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு நரைத்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். புலு. மூன்றாவது டவரில் மகனோடு இருக்கிறாளாம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். மாஷிமா எப்போதோ காலமாகிவிட்டார். பேச்சு அந்தச் சாயங்காலத்துக்கு வந்தபோது, ஐம்பது வருஷமாக எனக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன்: "உன் அண்ணனை என்னால காப்பாத்த முடியல. ஆனா அந்தக் கொஞ்ச நேரமாவது அவர் பயமில்லாம வாய்விட்டுக் கத்தியிருப்பார் இல்லையா, அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்குவேன்."

புலு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாதாவா? கத்தவே இல்லை மீனு. கம்சாத் துண்டை வாயில திணிச்சுக் கடிச்சுக்கிட்டு அப்படியே கிடந்தான், ஒரு முனகல் கிடையாது. நீ வாசிச்சிருக்கவே வேண்டாம். அம்மா வந்து உன்னை நிறுத்தச் சொல்லணும்னு பார்த்தா, ரெண்டு கையும் அவன் காலைப் பிடிச்சிருந்தது. விட்டா தையல் கோணிடும்னார் கம்பவுண்டர்." அவள் முகத்தில் பெருமை தெரிந்தது. எத்தனையோ பேரிடம் இதே பெருமையோடு சொல்லியிருப்பாள்.

நான் வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் உட்கார்ந்தேன். என் வாசிப்பைக் கேட்டுத்தான் அந்தப் பையன்கள் பக்கத்துப் பால்கனியை அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் செத்துப்போன மனிதர் மேல். கத்தியிருக்கலாமே பாப்லு தாதா. நீங்கள் கத்துவதற்காகத்தானே நான் வாசித்தேன்.